ஆமைக்கு மயக்க ஊசி போட்டபின் காத்திருத்தல்

கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில், கடத்தல்காரர்களிடமிருந்து வனத்துறை மீட்டுவந்த நட்சத்திர ஆமை ஒன்றின் உடைந்த ஓட்டைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. மார்கழிக் குளிரில் அறை சில்லென்று இருந்தது. கீட்டமின் என்ற மயக்க மருந்தைப் பின்னங்கால் தசையில் செலுத்திவிட்டு இருபது நிமிடம் பார்த்தேன். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டதே தவிர உறங்கவில்லை. பொறுமை இழந்து இன்னொரு ஊசி போட்டேன். அது முழுவதும் தெளிய மூன்று நாள்கள் ஆயின. அதுவரை எனக்கும் சரியான உறக்கமில்லை.

நாயையும் பூனையையும் மயக்கிப் பழகிய கைக்கு ஊர்வனவற்றின் உடல் வேறொரு கடிகாரத்தில் ஓடுவது எளிதில் புரிவதில்லை. அவற்றின் வளர்சிதை மாற்றம் சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்தது என்பதால், குளிர்ந்த உடலில் மருந்து மெதுவாகவே வேலை செய்யும், உடலைவிட்டு வெளியேறுவது அதைவிட மெதுவாகும். அதனால் இப்போது ஊசிக்கு முன்பே நட்சத்திர ஆமையை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் வைத்து, தெளியும்வரை அந்தச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். (குளிர்ப்பெட்டியில் வைத்து அசையவிடாமல் செய்யும் பழைய வழக்கம் மயக்கமே அன்று, விலங்கு அசையாது, ஆனால் வலி அப்படியே இருக்கும்.)

ஊசி போடும் இடமும் முக்கியம். பின்னுடலிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியாகவும், இன்னொரு பகுதி கல்லீரலின் வழியாகவும் செல்வதால், பின்னங்காலில் போட்ட மருந்து மூளையை எட்டுமுன்பே கணிசமாகக் குறைந்துவிடலாம். முன்னங்காலே நல்லது.

கீட்டமினை மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படலாம். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தணிப்பு மருந்துடன் சேர்த்தால் 5 முதல் 10 மில்லிகிராமே போதுமானதாக இருப்பதோடு, டெக்ஸ்மெடிடோமிடினின் விளைவை அட்டிபமெசோல் என்ற மருந்தால் முறிக்கவும் முடியும். அந்த முறிமருந்தைச் சிரையில் செலுத்தினால் ஆமைகளுக்கு இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும் என்பதால், தசையில்தான் போட வேண்டும். புரோபோஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்து விரைவாக மயக்கி விரைவாகத் தெளிவிக்கும். ஆனால் சிரையிலேயே இறங்க வேண்டும், மூச்சையும் பெரும்பாலும் நிறுத்திவிடும்.

எந்த மருந்தானாலும் என் கவலை மூச்சைப் பற்றியதே. ஆமைக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் முழுமையானவை, விரிந்துகொடுக்காதவை, மூச்சுக்குழாயும் சீக்கிரமே இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால், ஊதிப் பெருக்கும் காற்றுப்பை இல்லாத சிறு செயற்கைக் குழாயை ஆழமாகச் செலுத்தாமல் பொருத்தி, நிமிடத்துக்கு நான்கைந்து முறை நாமே மூச்சு ஊட்டுகிறோம். கடைசியில் தூய ஆக்சிஜனை நிறுத்திவிட்டு, கையால் அழுத்தி மூச்சு ஊட்டும் ஆம்பு பையால் அறைக் காற்றையே கொடுக்கிறேன்; பாலூட்டிகளைப் போல அன்றி, ஆக்சிஜன் குறைவதே ஊர்வனவற்றை மூச்சுவிடத் தூண்டுகிறது. இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் இதயத்துடிப்பு கேட்கிறதே என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை, ஏனெனில் மூளை செயலிழந்த பின்பும் ஆமையின் இதயம் நெடுநேரம் துடித்துக்கொண்டே இருக்கும்.

தானாகச் சீராக மூச்சுவிட்டு, தலையைத் தூக்கி, நான்கு காலாலும் நடக்கும்வரை அதைத் தண்ணீர்த் தட்டின் அருகில்கூடக் கொண்டுபோவதில்லை. அரைமயக்கத்தில் தலை தொங்கினால், அது மூழ்குவதற்கு அந்தத் தட்டின் தண்ணீரே போதும்.