இருபது காசு அளவில் ஒரு ரவுடி

கடல்நீர்த் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் தொட்டி வரவேற்பறையில் இருப்பதால், அந்த அறையில் உட்காரும் எல்லோருக்கும் அதில் ஒரு வாக்கு உண்டு என்று எங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மூன்றடித் தொட்டியை வைத்து, உப்புநீரை 1.025 அடர்த்திக்குக் கொண்டுவந்து, சிங்கப்பூர் வெயிலுக்கு ஈடுகொடுக்கும் குளிரூட்டியை 26 டிகிரியில் நிறுத்தி, சோதனையில் மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பல வாரங்கள் வெறும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கல்லுக்கு விளக்கு, கல்லுக்கு ஏசி, எனக்கு மட்டும் மின்விசிறி" என்று அத்தை, அதாவது என் மாமியார், வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் வாங்கும் கட்டம் வந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. கார்ட்டூனில் பார்த்த நீலநிற டாங் வேண்டும் என்றான் மகன். கடையில் இரண்டு விரல் அகலத்தில் சாதுவாக நிற்கும் அந்த மீன் 30 செ.மீ. வரை வளரும் என்றும், நாள் முழுவதும் நீந்தித் திரிய அதற்கு ஆறடித் தொட்டியாவது வேண்டும் என்றும் சொன்னேன். "அப்படியானால் ஆறடித் தொட்டி வாங்கலாமே" என்று அவன் சிக்கலை எளிதாகத் தீர்த்துவைத்தான். என் கணவர் கேட்டது சிங்கமீன். தொட்டியில் வளர்க்கும் பவள உயிர்களை அது தொடாது, உண்மைதான். ஆனால் தன் வாய்க்குள் நுழையக்கூடிய எந்த மீனையும் இறாலையும் அது விட்டுவைக்காது. அத்தைக்கோ கைப்பேசியில் பார்த்த மாண்டரின் மீன்மீது கண். அந்த நீலமும் ஆரஞ்சும் கலந்த கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் பாறையில் ஊரும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்களை நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். புதிய தொட்டியில் அவ்வளவு சிற்றுயிர்கள் இருக்காது என்பதால், நாம் போடும் தீனியைப் பார்த்துக்கொண்டே பட்டினியில் மெலிந்து சாகும். "அவ்வளவு வீம்பா?" என்று கேட்டுவிட்டு, அத்தை அந்த விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பவளத்தைக் கடிக்குமா, முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் ஆகும் என்பவற்றைப் புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குணம் அப்படியல்ல. ஒரே வடிவமும் ஒரே நிறமும் ஒரே உணவும் உள்ள மீன்கள்தான் ஒன்றையொன்று அதிகமாகத் துரத்தும். ஆகவே ஒன்று மணலில், ஒன்று குகையில், ஒன்று நடுநீரில் என்று ஆளுக்கொரு தளமாகப் பிரித்துக்கொடுப்பதே நல்லது. கூச்ச சுபாவம் உள்ளவற்றை முதலில் விட வேண்டும். வம்புக்காரர்கள் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் முதலில் வந்தவர் முழுத் தொட்டியையும் தம் பெயரில் பட்டா போட்டுக்கொள்வார். இவற்றையெல்லாம் யோசித்து நான் எழுதிய பட்டியலில் ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, அதற்குத் துணையாக ஒரு பிஸ்டல் இறால், ஒரு ராயல் கிராமா, கடைசியாக ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருந்தன.

கிராமா வாங்கப் போன இடத்தில் கடைக்காரருடன் ஒரு சிறு வழக்கு. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்று அவர் காட்டிய மீன் முதல் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கிராமாவில் ஊதா மெல்ல மெல்லப் புள்ளிகளாகக் கரைந்து மஞ்சளில் கலக்கும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். கண்ணின் குறுக்கே ஒரு கோடு ஓடும். கடைக்காரர் காட்டிய மீனிலோ இரண்டு நிறங்களும் அடிக்கோல் வைத்துப் பிரித்ததுபோல நின்றன, புள்ளியையும் காணோம், கோட்டையும் காணோம். அது ராயல் டாட்டிபேக், சண்டைக்குப் பேர்போன மீன். "இரண்டும் ஒன்றுதான், இது பத்து வெள்ளி மலிவு" என்றார் அவர். அந்தப் பத்து வெள்ளியைச் சேமித்தவர்கள் பிறகு எவ்வளவு செலவழிப்பார்கள் என்பதை அவரும் அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். பக்கத்துக் கடையில் உண்மையான கிராமா கிடைத்தது. என் கண்முன்னே அதற்குத் தீனி போடச் சொல்லி, அது சாப்பிட்டதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

அதன் பிறகு வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்கவில்லை. கிட்டத்தட்டப் பார்வையே இல்லாத பிஸ்டல் இறால், புல்டோசரைப்போல மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டும். வளையின் வாசலில் கோபி காவல் நிற்கும். இறாலின் நீண்ட உணர்கொம்பு ஒன்று கோபியின் உடல்மீது எப்போதும் பட்டுக்கொண்டே இருக்கும்; கோபி வாலை ஒருமுறை சிலிர்த்தால் இறால் அடுத்த நொடி வளைக்குள் போய்விடும். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும் என்பதும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும் என்பதும் அத்தைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சிறியது உடலை வெடவெடவென்று நடுக்கிப் பெரியதிடம் பணிவு காட்டும்போதெல்லாம், அவர் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டத் தவறுவதில்லை.

இப்படியிருக்கையில், தீபாவளியன்று என் கொழுந்தனார் ஜூரோங்கிலிருந்து பலகாரத்துடன் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொண்டுவந்தார். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள், பையிலிருந்த மீனைக் கடைத் தண்ணீரோடு சேர்த்துத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. இருபது காசு நாணயம் அளவில், கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் பொட்டுகளுடன் இருந்தது டாமினோ டேம்சல். "அண்ணி, இது கோமாளி மீனுக்கு நண்பன் என்று கடையில் சொன்னார்கள்" என்றார். அதில் பாதி உண்மைதான்: குட்டிப் பருவத்தில் டாமினோவும், கோமாளி மீனைப்போலவே, கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் கைகளுக்கிடையே வாழும். வளர வளர அது எல்லோரையும் விரட்டும் என்ற மீதிப் பாதியைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

அடுத்து வந்த நாள்களில், நான் வேலையிலிருந்து திரும்பியதும் அத்தை அறிக்கை வாசிப்பார். "கறுப்பன் இன்றைக்கு இடது கல்லையும் எடுத்துக்கொண்டான். ஊதாப் பயல் காலையிலிருந்து வெளியே வரவில்லை." ஃபயர்ஃபிஷ் பயத்தில் துள்ளி, தொட்டியின் மேல் போட்டிருந்த வலையில் முட்டி விழுந்தது, வலை இல்லாவிட்டால் தரையில்தான் விழுந்திருக்கும். கைவலையை எடுத்தாலே கறுப்பன் பாறை இடுக்கில் மறைந்தான். பாறைகளைப் பிரித்தெடுத்தால் ஒட்டியிருக்கும் பவளமெல்லாம் பாழாகும். இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய கண்ணாடியைத் தொட்டியின் பக்கவாட்டில் சாய்த்துவைத்தபோது, அவன் தன் பிம்பத்துடன் மல்லுக்கட்டியதில் மற்றவர்களுக்குச் சற்று ஓய்வு கிடைத்தது. பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிப் பொறி வைத்தோம். உள்ளே கோமாளி ஜோடி வந்தது, கிராமாகூட எட்டிப் பார்த்தது. கறுப்பன் மட்டும் வெளியே நின்று அவர்களை மேற்பார்வை பார்த்தான்.

கடைசியில் அத்தைதான் ஊசியும் நூலும் கேட்டார். வேதாரண்யத்தில் வாய்க்கால் ஓரமாக வளர்ந்தவருக்குத் தூண்டில் புதிதல்ல. முள் இல்லாத மிகச் சிறிய கொக்கியை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதில் ஒரு மைசிஸ் இறாலைக் கோத்து, மற்ற மீன்களுக்கு எதிர்மூலையில் தீனி போடச் சொல்லி என் மகனை நிறுத்தி, நூலைக் கறுப்பனின் கல்லுக்கு நேர் மேலே இறக்கினார். தன் எல்லைக்குள் எதுவும் வரக் கூடாது என்ற அதே கோபத்தில் பாய்ந்து வந்து கவ்வினான். காயமில்லாமல் வாளியில் போட்டு மூடிவிட்டு, "பசியில் கடிக்கவில்லை, திமிரில் கடித்தான்" என்றார் அத்தை.

கொழுந்தனாரைக் கூப்பிட்டு அவரது பரிசை அவரிடமே ஒப்படைத்தோம். மனம் கேட்காமல் அவர் அதற்கென்று ஒரு தொட்டியை வாங்கி வைத்தார். இப்போது கறுப்பன் அங்கே தனி ஆளாக, முன்னைவிடப் பெரியவனாக இருக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, பாவம், தனியாக இருக்கிறான். துணைக்கு எந்த மீன் ஒத்துப்போகும்?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடியைத் துடைத்து, மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.