தரைத்தொட்டி, பெரியது

கொசு ஒழிப்புப் பணிக்காக எங்கள் தெருவுக்கு வாரந்தோறும் வரும் அம்மையார், நேற்று முற்பகலில் மாமாவின் நீச்சல் குளத்தைத் தம் பதிவேட்டில் ‘தரைத்தொட்டி, பெரியது’ என்று எழுதிக்கொண்டார். அந்த நேரம் முதல் மாமா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் தொடவில்லை. அக்கா அதைச் சஷ்டி விரதக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்த அம்மையாரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய பதிவேட்டில் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, டிரம், பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய் ஓடு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வேலூர்க் கழிஞ்சூர் ஏரிக்கரையில் ஒரு மனிதர் மாட்டுக்கொட்டகையை இடித்துவிட்டு நீச்சல் குளம் கட்டுவார் என்பதை அதை அச்சடித்தவர் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பொருள்களில் இன்றும் செலவு வைத்துக்கொண்டிருப்பது இந்த ஆசை ஒன்றுதான். 26 அடி நீளம், 13 அடி அகலம், 4 அடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 38,000 லிட்டர். மதில்சுவருக்கு அந்தப் பக்கம், யாருடைய பராமரிப்பும் இல்லாமல், ஒரு ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கிறது. அந்த ஏரிக்கு யாரும் குளோரின் போடுவதில்லை, யாரும் காலையில் காப்பிக்கு முன்னால் கண்ணாடிக் குப்பியில் அதன் தண்ணீரை மொண்டு சொட்டு மருந்து விட்டு, வெள்ளைச் சுவரின் முன் நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிறம் பார்ப்பதில்லை. மாமா பார்க்கிறார். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருந்தால் அன்று வீட்டில் அமைதி நிலவும். 8-ஐத் தொட்டுவிட்டால், போட்ட குளோரினில் பெரும்பகுதி வேலை செய்யாமல் சும்மா கிடக்கிறது என்று, சும்மா கிடக்கிற என்னையும் பார்த்துக்கொண்டே சொல்வார்.

குளம் வைத்திருப்பது கோடைக்கால இன்பம் என்று நினைப்பவர்கள் வேலூர்க் கோடையை அறியாதவர்கள். அக்கினி நட்சத்திரத்தில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலே 190 லிட்டர் போய்விடும். அதாவது பன்னிரண்டு குடம். போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பு அப்படியே தங்கிவிட, அதன்மேல் மீண்டும் போர்த் தண்ணீரை விட, ஓடுகளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகக் கறை ஏறிக்கொண்டே வரும். அதைச் சுரண்டுவது என் வேலை. போட்ட குளோரினையோ வெயில் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும். அதற்கு ஒரு நிலைப்படுத்தி மருந்து, அந்த மருந்து மிகுந்துவிட்டால் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டிய பாடு. சித்திரையில் பக்கத்து வீட்டு வேப்பம்பூ உதிர்ந்து வடிகூடையை அடைக்கும். புளியிலை இன்னும் மோசம். கூடையின் கண்களுக்குள் புகுந்து மோட்டார் வரைக்கும் போய்விடும். குளம் நிரப்பிய முதல் நாளில் பளிங்காக இருந்த போர்த் தண்ணீரில் மாமா குளோரினைக் கொட்டியதும், அதிலிருந்த இரும்பெல்லாம் வெளிப்பட்டு, உறவினர் அனைவரும் கைத்தட்டக் காத்திருந்த நேரத்தில் தண்ணீர் செம்மண் குட்டையாக மாறியது.

இவ்வளவுக்கும் இந்தக் குளத்தில் நீந்துகிறவர் யார் என்று கேட்டால், வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி. அக்கா இதுவரை கால்கூட நனைத்ததில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் பொங்கலுக்குத்தான் வருவான்; அப்போது தண்ணீரின் குளிர்ச்சியைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைக்கச் சொல்லிக் குளியலறைக்குப் போய்விடுவான். மாமா சொந்தமாக நீச்சல் கற்றது திருவலம் பக்கத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. அந்தக் கிணற்றுக்கு யாரும் பி.எச். பார்த்ததாக வரலாறு இல்லை. ஏரியிலிருந்து ஒரு நீர்க்காகம் அவ்வப்போது மதில்மேல் வந்து உட்கார்ந்து, மீனில்லாத இவ்வளவு தண்ணீரை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்ற பாவனையில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். எங்கள் வீட்டுக் குளத்தை மனதார விரும்புபவை தவளைகள் மட்டுமே. அவையும் உள்ளே குதித்துவிட்டு, செங்குத்தான சுவரில் ஏற முடியாமல், விடியற்காலையில் என்னை நம்பிக் காத்திருக்கின்றன.

மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்பது யூனிட் வரை ஆகும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டுகிற எவருக்கும் தெரியும். அந்தத் தொகையைப் பார்த்து அக்கா ஒரு வாரம் தலைவலியென்று படுத்த பிறகு, ‘தற்காலிகமாக’ மோட்டார் இணைப்பை மாடி மீட்டருக்கு மாற்றினார்கள். மாடியில் குடியிருப்பவன் நான்.

இந்த ஐப்பசி மழை வந்து சேர்ந்ததும் எல்லாம் ஒருசேரக் கெட்டது. ஏரிக்காற்றின் ஈரத்தில் குளோரின் பொடி டப்பாவுக்குள்ளேயே கட்டியாகிவிட்டது. மழைநீர் இறங்கி, இருந்த குளோரினையும் நீர்த்துப் போகச் செய்தது. மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்து, மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் எரிந்தது. காயில் கட்டுகிறவர் தீபாவளி முடிந்துதான் வருவேன் என்றார், அவர் எந்த ஆண்டுத் தீபாவளியைச் சொன்னார் என்பது பின்னால்தான் விளங்கியது. குளம் முதலில் வெளிர்ப்பச்சை, பிறகு கிளிப்பச்சை, கடைசியில் வேலூர்க் கோட்டை அகழியின் பச்சை. 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய அகழி பச்சையாக இருந்தால் வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் குளத்துக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் சில நூற்றாண்டுகள் போக வேண்டும் போலிருக்கிறது. மானம் போகாமல் இருக்க மாமா பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கி மூடினார். மழை பெய்து பெய்து, தார்ப்பாயின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தனிக்குட்டை உண்டாயிற்று.

அம்மையார் கண்டுபிடித்தது அந்தக் குட்டைகளைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தார். கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. மாமா, புழு இருப்பது தார்ப்பாயில்தானே தவிரக் குளத்தில் இல்லை என்றும், முறையாகக் குளோரின் போட்ட தண்ணீரில் புழு வாழாது என்றும், கடல் கடந்து பெற்ற அனுபவத்தையெல்லாம் சேர்த்து விளக்கினார். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிங்க, இப்ப குளோரின் இருக்குதா?” என்று ஒரே கேள்வி கேட்டார். மாமா சுவரைப் பார்த்தார். உடனே அம்மையார், கிணற்றுக்கு விடுவது போல இதிலும் கம்பூசியா மீன் விட்டுவிட்டால் அதுவே புழுவைத் தின்று பார்த்துக்கொள்ளும், செலவும் கிடையாது என்றார். மீன் விட்டால் குளோரின் போட முடியாது. குளோரின் போட்டால் மீன் செத்துப்போகும். இத்தனை ஆண்டுகளாக மாமா கட்டிக்காத்த தத்துவம் முழுவதையும் கையளவு மீன்கள் வேரோடு சாய்க்கப் பார்த்தன. அக்கா மட்டும், மீன் என்ன விலை ஆகும் என்று ஆவலாகக் கேட்டாள். இனாம் என்று பதில் வந்ததும் மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

தார்ப்பாயைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கதவில் சாக்கட்டியால் தேதி எழுதிய பிறகும் அம்மையார் போகவில்லை. சற்றுத் தயங்கி, இந்தத் தண்ணீர் தெளிந்தால் இதில் குழந்தைகள் இறங்கலாமா என்று கேட்டார். அவர் வீடு, ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும் பக்கத்தில் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த நாள்களில் தெருவுக்குள் தண்ணீர் வந்து, பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் இரவெல்லாம் நின்றாராம். இப்போது அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறது. மழை இருட்டினால் இவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீச்சல் சொல்லிக் கொடுக்கிற இடங்களில் கேட்கிற கட்டணம் கட்டுப்படியாகாது என்றார். “நாலு அடிதானேங்க ஆழம்?” என்று அவர் முடிப்பதற்குள் மாமா, வருகிற ஞாயிற்றுக்கிழமையே அழைத்து வரும்படி சொல்லிவிட்டார். முழங்கால் வலியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஆகவே இன்று விடியற்காலை முதல் நான் குளத்துக்குள் நின்று பாசி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். காயில் கட்டுகிறவரை மாமா ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, ஏறக்குறைய கைது செய்து கொண்டுவந்தார். குழந்தையின் கண் எரியக் கூடாதென்று பி.எச். 7.4-இல் நிற்க வேண்டுமாம், அதற்கு மேலும் ஆகாது, கீழும் ஆகாது. பரணிலிருந்து சுரைக்குடுக்கை ஒன்று இறங்கியிருக்கிறது. அது எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்று அக்காவுக்கே தெரியவில்லை. முன்பு மின்கட்டணத்துக்குப் பயந்து பகலிலேயே மோட்டாரை நிறுத்திய அதே அக்கா, தண்ணீர் சீக்கிரம் தெளிய வேண்டுமே, ஞாயிறு வரை இரவும் பகலும் ஓடட்டும் என்று உத்தரவிட்டிருக்கிறாள். அவளுக்கென்ன, மாடி மீட்டர்தானே ஓடுகிறது.