தட்டம்மை அழித்துவிட்டுப் போகும் நினைவு

1846ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அதற்கு முந்தைய 65 ஆண்டுகளில் அந்த நோய் அங்கே தலைகாட்டியதே இல்லை என்பதால், ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் சில மாதங்களுக்குள் 6,000 பேர் வரை படுக்கையில் விழுந்தனர். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் லுட்விக் பனூம், ஊர் ஊராகச் சென்று விசாரித்தபோது ஒன்றைக் கவனித்தார். 1781இல் சிறுவர்களாக இருந்தபோது தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்கள், வீடு முழுவதும் நோயாளிகளாக இருந்தபோதும் நோயுறவில்லை. அன்று நோய் வராமல் தப்பித்த முதியவர்களுக்கோ இப்போது வந்தது.

நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பெரும் செல்வம், ஒருமுறை வந்த கிருமியை மறக்காத இந்த நினைவுதான். ஒரு கிருமியை முதன்முறை எதிர்கொள்ளும்போது, அதற்குப் பொருந்தும் பி செல்கள், டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தேடிப் பெருக்க உடலுக்குப் பல நாட்கள் தேவைப்படுகின்றன. நோய் தணிந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிட, சில மட்டும் நினைவு செல்களாக எஞ்சுகின்றன. வேறு சில எலும்பு மஜ்ஜையில் தங்கி கிருமிகளைப் பற்றிக்கொண்டு தடுக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளை ஆண்டுக்கணக்கில் சுரக்கின்றன. அதே கிருமி மீண்டும் நுழைந்தால், பெரும்பாலும் நாம் அறியாமலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது.

தட்டம்மை வைரஸ் தாக்குவது இந்தக் கருவூலத்தையே என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. மூச்சுக்காற்றின் வழியே நுழையும் அது, நுரையீரலில் உள்ள நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றிக்கொண்டு நிணநீர் முடிச்சுகளை அடைகிறது. அது செல்லுக்குள் புகப் பயன்படுத்தும் சிடி150 என்ற புரதம் நினைவு செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக இருப்பதால், முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருந்த செல்களே பெருமளவில் இரையாகின்றன. சில வாரங்களில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் புதிதாகப் பெருகியவற்றில் பெரும்பங்கு தட்டம்மையை மட்டுமே அறிந்தவை. பழைய பதிவேட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, புதிய ஏட்டின் பக்கமெல்லாம் ஒரே பெயரை எழுதி வைத்ததைப் போன்றது இது.

நெதர்லாந்தில் 2013இல் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம் நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்த இரத்தத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிற கிருமிகளுக்கு எதிராக அக்குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போயிருந்தன. இழந்ததைத் திரும்பப் பெற, அந்தக் கிருமிகளை அவர்கள் மறுபடியும் சந்தித்தாக வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் ஆகிய நாடுகளின் பழைய இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வும், தட்டம்மைக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை குழந்தைகள் வேறு தொற்றுகளால் இறக்கும் ஆபத்து கூடியிருந்ததைக் காட்டியது.

"மணல்வாரிதானே, ஒரு தடவை வந்து போனால் உடம்பு தேறிவிடும்" என்று தட்டம்மையைப் பற்றி எங்கள் உறவினர் வீடுகளில் இன்றும் சொல்லக் கேட்கிறேன். தட்டம்மைக்கு மட்டும் என்றால் அது உண்மைதான். பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வருவது அரிது. ஆனால் அந்த ஒரு பாதுகாப்புக்கு ஈடாக, பிறந்தது முதல் அந்தக் குழந்தை ஒவ்வொரு காய்ச்சலாலும் சளியாலும் ஈட்டிய பாதுகாப்பில் ஒரு பகுதியைப் பறிகொடுக்கிறது. தட்டம்மை தணிந்த சில மாதங்களில் நிமோனியாவோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால், அதைத் தனி நோயாகவே நாம் எண்ணிவிடுகிறோம்.

தடுப்பூசியில் உள்ளதும் உயிருள்ள வைரஸ்தான், ஆனால் வலுக்குறைக்கப்பட்டது. அது தட்டம்மைக்கான நினைவை உருவாக்குகிறது, பிற நினைவுகளை அழிப்பதில்லை. அதே 2019 ஆய்வில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இத்தகைய இழப்பு காணப்படவில்லை. இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டாம் தவணையைப் பல பெற்றோர் மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் முதல் தவணை எல்லாக் குழந்தைகளிடமும் பலன் தருவதில்லை. ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைகளுக்கோ, தாயிடமிருந்து வந்து நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் ஆன்டிபாடிகளையும், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசியையும் தவிர வேறு காப்பு இல்லை.