இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அத்தைக்கு நாங்கள் தேடிய சிகிச்சை

என் மாமியாருக்கு வயது 74. பாத்ரூம் வாசலில் கால் இடறி விழுந்ததில் வலது இடுப்பு எலும்பு முறிந்தது. பந்து மூட்டை மாற்றி, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் வலி மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஊசி, ஒரு கால்சியம் மாத்திரை, அவ்வளவுதான். நின்ற இடத்தில் விழுந்ததற்கே இடுப்பு எலும்பு உடைகிறதென்றால் அது ஏன் அத்தனை வலுவிழந்து போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சில வருஷம் முன்பு இதே அத்தைக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோதும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்டது, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான். "அக்கா, பாட்டிக்கு எலும்பு அடர்த்தி பார்த்துட்டீங்களா?"

மதுரையில் ஒரு ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் போனோம். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே, "உயரம் குறைஞ்ச மாதிரி இருக்காம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"அதெல்லாம் தெரியலையே டாக்டர். உள்பாவாடை எல்லாம் தரையில இழுக்குதுன்னு கீழே மடிச்சுத் தைச்சுக்கிட்டேன்."

உடனே முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எழுதினார். இரண்டு முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் இருந்தன. பழைய முறிவுகள். தைலம் தேய்த்துக்கொண்டு "வாய்வுப் பிடிப்பு" என்று அத்தை சமாளித்து வந்த முதுகுவலி அதுதான்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குப் பயப்பட எதுவுமில்லை. குகைக்குள் போகவேண்டியதில்லை, ஊசி கிடையாது, திறந்த மேஜையில் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்தால் போதும். வலப்பக்கம் உலோகம் இருப்பதால் இடது இடுப்பையும் முதுகையும் எடுத்தார்கள். நம் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினருடையதோடு ஒப்பிடும் எண்தான் டி ஸ்கோர். அது -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய். அத்தைக்கு -3.1. ஆனால் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: இந்த வயதில் இப்படி விழுந்து இடுப்பு முறிந்தாலே சிகிச்சை தொடங்க அது போதும், ஸ்கேன் எண் நன்றாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது.

வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு, பாராதைராய்டு, மைலோமா புற்றுக்கான புரதப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். வைட்டமின் டி ரொம்பக் குறைவு, 11தான் இருந்தது. வீசிங் வரும்போதெல்லாம் கடையில் வாங்கிப் போட்ட பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை அரித்திருக்கும் என்றார். இப்போது முறையாக இன்ஹேலர்.

எலும்பு கரைவதைத் தடுக்க, வருஷத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் சோலிட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை, 5 மில்லிகிராம், தேர்ந்தெடுத்தார். இடுப்பு முறிவுக்குச் சிகிச்சை முடிந்து 90 நாளுக்குள் இந்த மருந்தைத் தொடங்கியவர்களுக்கு அடுத்த முறிவுகள் 35 சதவீதமும் மரணங்கள் 28 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்திருக்கிறது. இதற்கே வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் உண்டு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். நெஞ்செரிச்சல்காரியான அத்தைக்கு அது சரிவராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: தவணை தப்பினால் எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும்.

மருந்து ஏற்றுமுன் சிறுநீரகம் சரியாக இருப்பது உறுதியாக வேண்டும், வைட்டமின் டி ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் முதலில் வாராவாரம் 60,000 யூனிட் வைட்டமின் டி. பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே தேதி குறித்தார்கள். மருந்துக்குப் பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகுமாம்.

அன்று காலையிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ட்ரிப்ஸ் அரைமணியில் முடிந்தது. இரவு நடுக்கமும் காய்ச்சலும். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி" என்று அத்தை முனகினார். முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் பாராசிட்டமால் கொடுத்துச் சமாளித்தோம். பெரும்பாலும் முதல் தடவைதான் இப்படி, மூன்று நாளில் அடங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள், அப்படியே அடங்கியது.

"இந்த வயசுக்கு மேல எலும்புக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்று கேட்ட உறவினர்களும் உண்டு. இரண்டாவது இடுப்பும் முறிந்தால் ஆகும் செலவையும், படும் பாட்டையும் அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுபடி விழாமலிருக்க பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைத்தோம், கால்மிதிகளை எடுத்துவிட்டோம், தள்ளிப்போட்டு வந்த கண்புரை அறுவையும் முடிந்தது. இரண்டாவது ட்ரிப்ஸுக்குக் காய்ச்சல் வரவில்லை. மூன்றாவது முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து, தொடர்வதா இடைவெளி விடுவதா என்று முடிவு செய்வார்கள்.