ஏறுவதும் இறங்குவதும்

மார்ச் 3
அம்மாவுக்கு ஹீமோகுளோபின் மறுபடியும் 7.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். போன வருடமும் மாத்திரை, பேரீச்சை, ஆட்டுச் சுவரொட்டி என்று பாடுபட்டு 11 வரை ஏற்றினோம். ஏறியதெல்லாம் எங்கே போகிறது?

மார்ச் 5
அம்மா பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கிறாள். டப்பாவை ஒளித்து வைத்தேன்.

மார்ச் 9
புது டாக்டர் பேனாவை எடுப்பதற்கு முன்பே அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். "மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது? கட்டிகட்டியாகப் போகிறதா?" அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பத்து நாள் போகும். ராத்திரியும் எழுந்து மாற்ற வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்."

இத்தனை வருடத்தில், கீரை சாப்பிடுகிறாயா என்று கேட்காத ஆள் இல்லை. இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நினைக்க நினைக்க உடம்பு பதறுகிறது. அரிசி மெல்லும் ஆசையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதுதானாம். ஆசையைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

மார்ச் 10
ஃபெரிட்டின் 5. உடம்பில் இரும்புச்சத்து இருப்பே இல்லை என்று அர்த்தமாம்.

மார்ச் 14
ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் நார்க்கட்டி. புற்றுநோய் போலத் தெரியவில்லை என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். அம்மாவின் காதில் 'கட்டி' மட்டும்தான் விழுந்தது.

மார்ச் 17
பெரியம்மா போனில், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார். அப்பாவும் தலையாட்டுகிறார். உள்பக்கம் இருக்கிற கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் கருவி செலுத்தி எடுக்க முடியும் என்று டாக்டர் சொன்னது இவர்களுக்கு மறந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். "கட்டியை மட்டும் எடுக்கட்டும்" என்றாள், யோசித்து வைத்திருந்தவளைப் போல.

மார்ச் 21
இரும்புச்சத்தை ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்கள். போன முறை மலச்சிக்கல் தாங்காமல் பாதியிலேயே மாத்திரையை நிறுத்தினாளாம். அதையும் இன்றுதான் சொல்கிறாள்.

ஏப்ரல் 2
சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே, இரும்புச்சத்து சரியாகச் சேராது என்றதற்கு அம்மாவோடு சண்டை. பேச்சே இல்லை.

ஏப்ரல் 13
தங்கை அடுக்களையில் ஏதோ மென்றாள். பொட்டுக்கடலை என்றாள். கையைத் திறக்கச் சொன்னேன். பச்சரிசி. அவளுக்கு 15 வயது. டாக்டர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் கோபப்பட்டாள், பிறகு அழுதாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை விட்டு எழவே பயமாம்.

ஏப்ரல் 24
அம்மாவுக்கு 10.2! கட்டியை எடுக்க வியாழக்கிழமை அட்மிஷன். தங்கையின் ரிப்போர்ட் மாலையில் வரும். யார் என்ன சொன்னாலும் அவளையும் அதே டாக்டரிடம்தான் கூட்டிப்போகிறேன். அப்பா இப்போதே பையில் துணி அடுக்குகிறார், போர்வை வைக்கவில்லை, போய்ச் சொல்ல வேண்டும்.