எங்கல்பார்ட்டின் இடது கை: ஐந்து கட்டைக் கருவியை மறுபடி செய்த அனுபவம்

அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்றதும் எல்லோருக்கும் அவர் கண்டுபிடித்த மவுஸ்தான் ஞாபகம் வரும். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில், சுமார் ஆயிரம் கணினிக்காரர்கள் முன்னால் அவர் 90 நிமிடம் நடத்திய செயல்விளக்கத்தின் படப்பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. அதை ஒரு தடவை கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். வலது கையில் மவுஸ், நடுவில் தட்டச்சுப் பலகை, இடது கைக்கு அடியில் பியானோ கட்டைகளைப் போல ஐந்து நீளக் கட்டைகள். மென்லோ பார்க்கில் அவருடைய குழு உருவாக்கிய, திரையில் எழுதவும் திருத்தவும் உதவிய என்எல்எஸ் என்ற கணினி அமைப்பை ஓட்டியது இந்த இரண்டு கைகளும் சேர்ந்துதான். வலது கை ‘எதை’ என்று காட்டும், இடது கை ‘என்ன செய்ய’ என்று சொல்லும்.

மவுஸ் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஐந்து கட்டைக் கருவி அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் அது ஏதோ விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும். விரல் வைத்து அழுத்தினால்தான் அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பது புரியும். அவருடைய மரபைக் காப்பது என்றால் படத்தையும் அறிக்கைகளையும் சேமிப்பதோடு, இந்தக் கைப்பழக்கத்தையும் காக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறோம். அதற்காக ஒரு வேலை செய்யும் பிரதியைச் செய்து முடித்தோம். வழிமுறையும் வழியில் வந்த கோளாறுகளும் கீழே.

முதலில் எழுத்து முறை. இடது கைக் கட்டைவிரலுக்கு மதிப்பு 1, ஆள்காட்டி 2, நடுவிரல் 4, மோதிர விரல் 8, சுண்டு விரல் 16. சேர்த்து அழுத்தும் விரல்களின் கூட்டுத்தொகைதான் ஆங்கில எழுத்தின் வரிசை எண். ஏ என்றால் 1, அதாவது கட்டைவிரல் மட்டும். பி 2, சி 3. ஐந்து கட்டைகளில் மொத்தம் 31 சேர்க்கைகள் வரும்: 26 வரை எழுத்துகள், 27 முதல் 30 வரை நிறுத்தற்குறிகள், ஐந்து விரலும் சேர்ந்த 31 இடைவெளி. (தமிழில் எழுதும்போது இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’தான், நான்காவதும் இருபதாவதும் ‘டி’தான். அதனால் குழப்பம் வரும் இடத்தில் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறோம்.)

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான். 120 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமனில் ஐந்து தேக்குக் கட்டைகள். இடையே 2 மி.மீ. சந்து விட்டால் மொத்த அகலம் 98 மி.மீ. வரும், பெரியவர்கள் கைக்குச் சரியாக இருக்கும். பின்பக்கம் ஐந்துக்கும் குறுக்கே ஒரே 2 மி.மீ. எஃகுக் கம்பி, அதுதான் கீல். ஐந்து மைக்ரோ சுவிட்சுகள், ஒரு ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ போர்டு (நிரல் ஏற்றி இயக்கக்கூடிய சிறிய மின்னணுப் பலகை), அடியில் போட அரை கிலோவுக்குக் குறையாத இரும்புத் தகடு, நான்கு ரப்பர் பாதங்கள். தகட்டை விட்டுவிடாதீர்கள். ஐந்து விரலும் ஒன்றாக இறங்கும்போது லேசான பெட்டி மேசையில் வழுக்கிக்கொண்டே போகும்.

ஆர்டுயினோ ஊனோ கையில் இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். கணினிக்குத் தன்னை விசைப்பலகை என்று நேரடியாக அறிமுகப்படுத்திக்கொள்ளும் வசதி ப்ரோ மைக்ரோவில் உள்ள ஏடிமெகா 32யூ4 சில்லில் உண்டு, ஆர்3 வரையுள்ள ஊனோக்களின் முதன்மைச் சில்லில் கிடையாது. அதே சமயம், ப்ரோ மைக்ரோவின் யூஎஸ்பி முனை மிகவும் பலவீனமானது. கேபிளை இரண்டு தடவை இழுத்தாலே போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். கேபிளை உள்ளே ஒரு சுற்று சுற்றி, பெட்டிச் சுவரில் கிளிப் போட்டு இறுக்கிய பிறகுதான் மூடியை மாட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது கட்டையின் அழுத்தம். லேசாக இருந்தால் சும்மா வைத்திருக்கும் விரலே கட்டையை இறக்கிவிடும். கடினமாக இருந்தால் மோதிர விரல் பத்தே நிமிடத்தில் ஓய்ந்துவிடும். விரல் நுனியில் 60 கிராம் அளவு இதமாக இருக்கிறது. இதைச் சுவிட்சின் இடத்தை நகர்த்தியே சரிசெய்யலாம். 100 கிராம் கேட்கும் சுவிட்சைக் கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைத்தால் நுனியில் சுமார் 67 கிராம் போதும், கட்டையின் சொந்த எடை அதிலும் ஐந்தாறு கிராம் குறைத்துவிடும். சுவிட்சைக் கீல் பக்கம் தள்ளினால் இன்னும் லேசாகும், ஆனால் நுனி அதிகத் தூரம் இறங்க வேண்டியிருக்கும். சோதிக்கத் தராசு வேண்டாம். ஏஏ அளவு அல்கலைன் பேட்டரி ஒன்று சுமார் 23 கிராம். கட்டை நுனியில் இரண்டு வைத்தால் இறங்கக் கூடாது, மூன்று வைத்தால் இறங்க வேண்டும். ஐந்து கட்டைக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

வயரிங் எளிது. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு கால் பொது கிரவுண்டுக்கு, மறுகால் போர்டின் 2 முதல் 6 வரையுள்ள பின்களுக்கு (இணைப்பு முனைகளுக்கு). பின்களை உள் புல்அப் வசதியோடு (அழுத்தாதபோது 1 என்று நிற்க வைக்கும் ஏற்பாடு) அமைத்தால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை, அழுத்தியபோது 0 என்று படிக்கும். 7-ஆம் பின்னை கிரவுண்டோடு இணைக்கும் ஒரு சிறிய சுவிட்சும் வையுங்கள். அது இணைந்திருந்தால் மட்டும் எழுத்துகளை அனுப்பு என்று நிரலில் எழுதிவிடுங்கள். காரணம் உண்டு. நிரலில் ஒரு பிழை வந்து எழுத்துகள் நிற்காமல் கொட்ட ஆரம்பித்தால், அவை திரையில் எங்கே வேண்டுமானாலும் போய் விழும், புது நிரலை ஏற்றக்கூட விடாது. அப்படி மாட்டிக்கொண்டால் ரீசெட் பின்னை கிரவுண்டில் சட்டென்று இரண்டு தடவை தொடுங்கள். சுமார் 8 விநாடி போர்டு புது நிரலுக்காகக் காத்திருக்கும், அதற்குள் ஏற்றிவிட வேண்டும்.

இனி நிரல். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கட்டை அழுந்தியதும் எழுத்தை அனுப்பினால் சரிவராது. ஐந்து விரலையும் ஒரே நேரத்தில் இறக்குவதாக நாம் நினைத்தாலும், அவை சில பத்து மில்லிவிநாடி இடைவெளியில்தான் இறங்கும். சி அடிக்கப் போனால் முதலில் ஏ விழும். மூலக் கருவியின் விதி வேறு: எல்லா விரலும் எழுந்த பிறகுதான் எழுத்து போகும். அதற்கு இரண்டு எண்கள் போதும், ஒன்று இப்போதைய நிலை, மற்றொன்று சேர்ந்த நிலை. மில்லிவிநாடிக்கு ஒரு முறை கட்டைகளைப் படித்து, 8 மில்லிவிநாடி மாறாமல் நின்றால் மட்டும் அதை ஏற்க வேண்டும். சுவிட்சின் தகடு துள்ளுவதால் வரும் பொய் அழுத்தங்கள் அதோடு போய்விடும். ஏற்ற நிலையைச் சேர்ந்த நிலையோடு ‘ஆர்’ (OR) செய்ய வேண்டும், அதாவது ஒரு முறை இறங்கிய விரல் எதுவும் கணக்கிலிருந்து விடுபடாது. இப்போதைய நிலை 0 ஆனதும் சேர்ந்த நிலையை அனுப்பிவிட்டு அதையும் 0 ஆக்க வேண்டும்.

எண்ணை எழுத்தாக்க 96-ஐக் கூட்டினால் போதும். எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்களின் பட்டியலான ஆஸ்கி அட்டவணையில் சிறிய ஏ 97, இசட் 122. ஆனால் 27 முதல் 31 வரை தனி அட்டவணை கட்டாயம். மறந்துவிட்டால் நிறுத்தற்குறிக்குப் பதில் நெளிவு அடைப்புக்குறியும் செங்குத்துக் கோடும் வரும், இடைவெளிக்கு ஒன்றுமே வராது. இன்னொன்று, கணினியில் தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ஏ அடித்ததற்கு அ வரும். கருவி பழுது என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

முதல் சோதனையில் கட்டைவிரலை மட்டும் அழுத்துங்கள். ஏ வந்தால் சரி. பி (16) வந்தால் வயர்கள் தலைகீழ். ஏ-வும் பி (2)-யும் வேகமாக அடித்தால் சி மட்டும் வருகிறதா? அது கருவியின் பிழை இல்லை. முதல் விரல் எழுவதற்குள் அடுத்தது இறங்கிவிட்டது, 1-உம் 2-உம் சேர்ந்து 3 ஆகிவிட்டது. முதல் விரல் எழும்போதே எழுத்தை அனுப்பும்படி மாற்றினால் வேகம் கூடும் என்பது உண்மைதான். நாங்கள் மாற்றவில்லை. ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் கை முழுதாக எழும் அந்தத் தாளம்தான் மூலக் கருவியின் தாளம்.

எழுத்துகளை இடம் மாற்றும் ஆசையும் வரும். டி (20) ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து. அதற்கு சுண்டு விரலும் நடுவிரலும் கீழே, இடையில் மோதிர விரல் மட்டும் மேலே நிற்க வேண்டும். மோதிர விரலின் தசைநார் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது கூடவே இறங்கப் பார்க்கும். வரிசை எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த சிரமம் இது. ஆனால் அதே வரிசைதான் கற்பதை எளிதாக்குகிறது. ஏ முதல் ஜி வரை முதல் மூன்று விரல்களில் ஏழு வடிவங்கள். அவற்றை மட்டும் பழகுங்கள். எச் என்றால் மோதிர விரல் மட்டும். ஐ முதல் ஓ வரை அதே ஏழு வடிவங்களோடு மோதிர விரல். பி (16) சுண்டு விரல் மட்டும். கியூ முதல் டபிள்யூ வரை மறுபடி அதே ஏழு, இந்தத் தடவை சுண்டு விரலோடு. எக்ஸ் முதல் மேலே இரண்டும் சேரும். அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்வதைவிட இப்படிக் கற்றால் சீக்கிரம் படியும்.

இங்கே ஒரு கணக்கு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, கூட்டினால் 31. ஐந்து கட்டைக்குள் தமிழின் அடிப்படை எழுத்துகள் மிச்சமில்லாமல் அடங்கும். இடைவெளியை மட்டும் வேறு இடத்துக்குத் தள்ள வேண்டும். செய்யத்தக்க வேலைதான், ஆனால் அது தனிக் கருவியாக இருக்கட்டும். பிரதியில் கலக்க வேண்டாம்.

பெரிய எழுத்துக்கும் எண்களுக்கும் மவுஸ் வேண்டும். அதன் மூன்று பட்டன்களில் ஒன்றைப் பிடித்தபடி கட்டைகளை அழுத்தினால் பெரிய எழுத்து, இன்னொன்றைப் பிடித்தால் எண்களும் குறிகளும் வரும். இரண்டு கையும் உண்மையில் ஒரே கருவி என்பது இங்கே தெரியும். சிக்கலும் இங்கேதான். நம் போர்டுக்கு மவுஸ் பட்டன் தெரியாது. அதனால் இரண்டாம் கட்டமாக, போர்டை எழுத்து அனுப்பாமல் வெறும் எண்ணை சீரியல் வழியே (அதே யூஎஸ்பி கேபிளில், விசைப்பலகையாக அல்லாமல்) அனுப்பும்படி மாற்றி, லினக்ஸில் ஒரு சிறிய பைத்தான் நிரலில் இரண்டையும் சேர்த்தோம். உள்ளீட்டுக் கருவிகளைப் படிக்கும் ஈவ்டெவ் நூலகத்தால் மவுஸை முழுதாகப் பிடித்துக்கொண்டு, செயற்கை உள்ளீட்டை உருவாக்கும் யூஇன்புட் வழியாகப் புதிதாக அனுப்ப வேண்டும். பிடிக்காமல் விட்டால், பெரிய எழுத்துக்காக அழுத்திய பட்டன் திரையில் கிளிக்காகவும் விழும். விதி இதுதான்: பட்டன் இறங்கியதும் எதுவும் அனுப்பாதே, பிடித்திருக்கும்போது கட்டை எண் வந்தால் கிளிக்கை விழுங்கிவிடு, வராமல் பட்டன் எழுந்தால் அப்போது கிளிக்கை அனுப்பு. பயனரை ‘இன்புட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் மவுஸைப் படிக்க அனுமதி கிடைக்கும். யூஇன்புட்டுக்கும் சீரியலுக்கும் தனியாக அனுமதி தர வேண்டியிருக்கலாம்.

இது முடிந்ததும், என்எல்எஸ் எப்படி இருந்தது என்று காட்ட ஒரே ஒரு கட்டளையைச் செய்து பாருங்கள்: சொல்லை நீக்குவது. ‘டெலீட் வேர்டு’ என்பதன் முதலெழுத்துகள் இடது கையில். டி (4) நடுவிரல் மட்டும். டபிள்யூ (23) மோதிர விரல் தவிர மற்ற நான்கும். பிறகு மவுஸால் சொல்லைச் சுட்டினால் சொல் மறையும். நிரல் இந்த இரண்டு எழுத்தையும் வாங்கி, ‘டெலீட் வேர்டு’ என்று திரையின் மேல்வரியில் காட்டி, அடுத்த கிளிக்குக்குக் காத்திருக்க வேண்டும். கிளிக் வந்ததும் இரட்டைக் கிளிக்கும் டெலீட் விசையும் அனுப்பினால் போதும். லினக்ஸ் எடிட்டர்களில் இரட்டைக் கிளிக் பொதுவாகச் சொல்லை மட்டும் பிடிக்கும், பின்னால் உள்ள இடைவெளியை விட்டுவிடும். வரிக்குள் இரட்டை இடைவெளி மிஞ்சினால் டெலீட்டை இன்னொரு முறை அனுப்புங்கள்.

நடுவிரல், நான்கு விரல், ஒரு சுட்டு. கண் திரையை விட்டு நகரவில்லை, வலது கை மவுஸை விடவில்லை, மெனுவைத் தேடவில்லை. அடுத்தடுத்து பத்துச் சொற்களை இப்படி நீக்கிப் பார்த்தவர்கள் அந்தப் படப்பதிவை மறுபடி போட்டால், எங்கல்பார்ட்டின் இடது கையைத்தான் கவனிப்பார்கள்.

பெட்டியை மூடும் முன் சில வேலைகள். பின் எண்கள், விரல் மதிப்புகள், 31 சேர்க்கைகளின் அட்டவணை ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டு மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். நிரலின் மூல வடிவத்தைக் கணினியில் மட்டும் வைக்காமல் முழுதாக அச்செடுங்கள், நான்கு பக்கத்துக்குள் வந்துவிடும். உதிரியாக இரண்டு சுவிட்சும் ஒரு போர்டும் அதே பெட்டிக்குள் பையில் போட்டு வையுங்கள். மூலத்திலிருந்து எங்கெல்லாம் விலகினோம் என்பதைத் தனியாக எழுதுங்கள்: கட்டையின் மரம், அளவு, சுவிட்சு, யூஎஸ்பி. பின்னால் எடுப்பவர் நம் பிரதியின் அளவை மூலத்தின் அளவு என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்காமல், கணினியோடு இணைத்து, இடது கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.