பிரெஸ்ஸாவா, நெக்ஸானா? முடிவெடுத்த விதம்

மாருதி பிரெஸ்ஸாவும் டாடா நெக்ஸானும் 10 லட்சம் ரூபாயை ஒட்டியே நிற்கும் வண்டிகள். அதனால் டெஸ்ட் டிரைவுக்கு முன்பே வரிக்கணக்கைப் போட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13%, அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18%. 9,90,000 ரூபாய் வண்டிக்கு 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டுக்கு ஆசைப்பட்டு இந்தக் கோட்டைத் தாண்டினால், சன்ரூஃபுக்கான காசோடு வரியாகவும் 53,000 ரூபாய் கூடுதலாகப் போகும்.

ஜி.எஸ்.டி.யிலும் வித்தியாசம் உண்டு. இரண்டும் 4 மீட்டருக்குள் அடங்கும் வண்டிகள்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 1200 சிசிக்குள் பெட்ரோல், 1500 சிசிக்குள் டீசல் என்றால்தான் 18%. நெக்ஸான் இதில் வந்துவிடும். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 40%.

ஓட்டிப் பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஷோரூம்காரர் காட்டும் காலி ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். ஐந்து பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, மேம்பால ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். நெக்ஸான் பெட்ரோல் மூன்று சிலிண்டர் டர்போ, முறுக்குவிசை (இழுக்கும் திறன்) 170 என்எம். ஆர்பிஎம் 2000-க்குக் கீழே இரண்டாம் கியரில் கொஞ்சம் முக்கும், பிறகு சட்டென்று இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியும். பிரெஸ்ஸா நான்கு சிலிண்டர், 137 என்எம், வழுவழுவென்று கிளம்பும். ஹைவேயில் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் மூன்றாம் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வேண்டும், பெரும்பாலும் நகர நெரிசல்தான் என்பவர்களுக்கு நான் தயங்காமல் பிரெஸ்ஸாவைச் சொல்வேன். அதிலிருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் முறை) போலக் கியர் மாறும்போது தலையாட்டாது. சிஎன்ஜி என்றால் நெக்ஸான். இரட்டை கேஸ் சிலிண்டர் டிக்கித் தரைக்கு அடியில் போய்விடுவதால் 321 லிட்டர் இடம் மிஞ்சும். பிரெஸ்ஸாவில் கேஸ் சிலிண்டரே டிக்கியை அடைத்துக்கொள்ளும்.

எங்கள் ஓட்டம் முக்கால்வாசி ஹைவே, நடுவில் ஏற்காடு மாதிரி மலைப்பாதை. 260 என்எம் தரும் நெக்ஸான் டீசல் மேனுவல் அதற்குப் பொருந்தியது. 2024-ல் பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியதும் ஒரு காரணம். தினமும் 5 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் டீசல் பக்கமே போக வேண்டாம். புகைவடிகட்டி சூடேறாமல் கரி அடைத்து, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கும் முன், ஸ்டாக் யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, உற்பத்தி மாதத்தைக் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் 1425 என்றிருந்தால் 2025-ன் 14-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பார்க்க வேண்டும். கதவோரங்களில் பெயிண்ட் நிறம் மாறுகிறதா என்று வெயிலில் நிறுத்திப் பாருங்கள், ஷெட் விளக்கில் தெரியாது. நம்பர் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தரச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.